வீரய்யாவின் இருபதடிப் பெட்டி

உள்ளே நுழைந்ததும் வீரய்யா செய்கிற முதல் காரியம் கதவைச் சாத்துவதுதான். பிறகு நடுவில் போய் நின்று, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருப்பார். மெதுவாக அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். நான்கு மூலைகளையும் பார்ப்பார். கடைசியாகக் கதவின் கீழ் விளிம்பைப் பார்ப்பார். சொந்தக்காரர் வீடானாலும் சரி, கோவில் மடமானாலும் சரி, இதை முடிக்காமல் உட்காரமாட்டார். போன தை மாதம் தம்பி மகனுக்குப் பெண் பார்க்கக் கொட்டகலைக்குப் போன இடத்திலும் கதவைச் சாத்திவிட்டார். பெண்ணின் தகப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “ஒன்னும் இல்லீங்க. ரெண்டு ஓட்ட இருக்கு. சாமி படத்துக்கு மேல ஒன்னு, அந்த மூலையில ஒன்னு,” என்று அறிவித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கினார்.

கொழும்பில் ஒரு கொள்கலன் முற்றத்தில் பத்தொன்பது வருடம் அவர் பார்த்த வேலை இது. கப்பலில் தேயிலை ஏற்றப்போகிற இரும்புப் பெட்டிக்குள் ஆளை விட்டு வெளியே கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே நிற்பவர் எங்கேயாவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும். ஊசி குத்திய அளவுக்கு ஒரு பொட்டுத் தெரிந்தாலும் போதும், அந்தப் பெட்டி கழிவு. வெளிச்சம் வருகிற வழியில் தண்ணீரும் வரும், தண்ணீர் பட்டால் தேயிலை பூஞ்சணம் பிடித்துவிடும். அது முடிந்ததும் மோந்து பார்க்கவேண்டும். மிளகாயோ கருவாடோ போய்வந்த பெட்டியில் தேயிலை ஏறாது. வீரய்யா சோக்குக் கட்டியால் கதவில் ஒரு பெருக்கல் குறி போட்டால் எந்தக் கம்பனியும் அந்தப் பெட்டியைத் தொடாது.

முதல் இரண்டு வருடம் அதை வெறும் வேலையாகத்தான் பார்த்தார். மூன்றாவது வருடம் தீபாவளி விடுமுறைக்கு டயகமப் பக்கத்தில் இருக்கும் தன் தோட்டத்துக்கு வந்தவர், விடிந்த பிறகும், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், தன் ஒற்றை அறைக் காம்பராவில் படுத்துக்கிடந்து மேலே பார்த்தார். கூரைத் தகரத்தில் முப்பத்தேழு ஓட்டைகள். எண்ணி முடித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஏறிய கோபம் இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு பிறந்தும் இறங்கவில்லை.

“தேயிலைக்கு ஒரு ஊசி ஓட்ட இருக்கக் கூடாதாம். அதப் பறிக்கிற பொம்பளைக்கு முப்பத்தேழு இருக்கலாமாம். எந்த ஊரு நாயம்ங்க இது?” இந்தக் கேள்வியை அவர் கேட்காத ஆள் கிடையாது. பஸ் நடத்துநரிடம் கேட்டிருக்கிறார், பூசாரியிடம் கேட்டிருக்கிறார், தபாற்கந்தோரில் முத்திரை கிழித்துத் தருகிறவரிடமும் கேட்டிருக்கிறார். முத்திரைக்காரர் பாவம், மிச்சச் சில்லறையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். கூடவே அளவுக் கணக்கு ஒன்றும் வைத்திருக்கிறார். பெட்டி இருபதுக்கு எட்டு. காம்பரா பன்னிரண்டுக்குப் பத்து. “எங்கள விட தேயிலத் தூளு கால நீட்டிப் படுத்துக்கிட்டு லண்டனுக்குப் போகுது,” என்பார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். சிரிக்க இதில் என்ன இருக்கிறது?

அந்தப் பன்னிரண்டுக்குப் பத்தும் இந்த வருடத்தோடு போகப்போகிறது. அவர் மனைவி பேச்சியம்மா முப்பத்துநான்கு வருடம் கொழுந்து எடுத்தவர். மார்கழி முடிந்தால் வயது வந்துவிட்டதென்று தோட்டத்தில் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயரை வெட்டினால் காம்பராவைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், அந்தத் தோட்டத்தின் வழக்கம் அப்படி. ஒரே மகள் ஷாமிலா கண்டியில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள். தோட்டத்தில் வேலைசெய்ய வீட்டில் வேறு ஆள் கிடையாது. முப்பத்துநான்கு வருடக் கொழுந்து எங்கெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. பறித்தவருக்குத்தான் போக இடமில்லை.

ஆகவே வீரய்யா கொள்கலனுக்குள் குடிபோகத் திட்டம் போட்டார். வேலையை விட்டு வரும்போது முதலாளியிடம் அவர் கேட்டது ஒரே ஒரு பழைய பெட்டி. முதலாளி சிரித்துக்கொண்டே எடுத்துப்போகச் சொன்னார். அது வீரய்யாவே பெருக்கல் குறி போட்டுக் கழித்த பெட்டிதான். மேல் மூலையில் அரிசி அளவுக்கு ஓர் ஓட்டை. அதை வெல்டிங் வைத்து அடைத்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்லி, மூன்று தடவை அண்ணாந்து பார்த்த பிறகே சோக்குக் குறியைத் துடைத்தார். முற்றத்தில் கூட வேலைசெய்த சோமபாலவுக்குத் தோட்டத்து எல்லைக்கு அப்பால், கிராமத்தில், கிழங்கு போட்டாலும் வராத பாறைக்காணி ஒன்று இருந்தது. நீ வந்து இரு மச்சான் என்று சிங்களத்தில் சொல்லி, பத்துப் பேர்ச் நிலம் அளந்து கல் நட்டுக் கொடுத்தார்.

அங்கே மின்கம்பம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. பாறையில் கசியும் ஊற்றிலிருந்து ஹோஸ் குழாய், விளக்குக்கு ஒரு பழைய லொறி பற்றரி, அடுப்புக்குத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற மிலாறுக் குச்சி. வீரய்யாவின் திட்டம் அவ்வளவுதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து இராசரத்தினம் மாஸ்டர் இதைக் கேட்டு உற்சாகமாகிவிட்டார். “வெளிநாட்டில உந்த வேலையை இப்ப பெரிய நாகரிகமாச் செய்யினம், வீரய்யா. கரண்டும் வேண்டாம், பைப்பும் வேண்டாமெண்டு போட்டு, காட்டுக்குள்ளை பெட்டி வைச்சு இருக்கினம். பேப்பரில படமெல்லாம் போடுறாங்கள்!”

வீரய்யாவுக்குச் சுர்ரென்று வந்தது. “கரண்டு இருந்து வேணாம்ங்கிறவங்க படம் பேப்பர்ல வருது. நூறு வருசத்துக்கு மேல கரண்டே குடுக்காம வச்சிருக்காங்களே எங்கள, எங்க படம் எதுல மாஸ்டர் வரும்?” மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

லயத்தில் கிண்டலுக்குக் குறைவில்லை. “பெட்டிக்குள்ள எல்லாரும் ஒரு நாளைக்குப் போகத்தான் போறோம். ஒனக்கு மட்டும் என்ன அவசரம்?” என்று நல்லமுத்து கேட்க, ஸ்தோப்புத் திண்ணையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்குள் சண்டை வேறு மாதிரி. பேச்சியம்மா ஜன்னல் வேண்டுமென்றார். வீரய்யா மாட்டேனென்றார். “பத்தொம்பது வருசம் ஓட்ட இருக்கான்னு பாத்தவன்கிட்ட ஓட்ட போடச் சொல்றியே, எப்படிப் போடுவேன்?” “நான் என்னங்க தேயிலையா? எனக்குக் காத்து வேணும்!” என்றார் பேச்சியம்மா. கடைசியில் வீரய்யா சம்மதித்தார். எந்த இடத்தில் வெட்டவேண்டுமென்று பேச்சியம்மாவே காட்டுவதாக ஒப்பந்தமாயிற்று.

ஓட்டையைப் பற்றியும் அளவைப் பற்றியும் ஊருக்கே கேட்கும்படி கத்துகிற வீரய்யா, கதவைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். தொண்ணூற்றெட்டில் ஒருநாள் பேச்சியம்மா காய்ச்சலென்று, ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகவில்லை. காய்ச்சல் உண்மைதானா என்று பார்க்க, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு லயத்துக்கு வந்தார். கூப்பிடவில்லை, தட்டவில்லை. கையிலிருந்த பிரம்பால் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றார். வியர்வையில் நனைந்த சேலையை உள்ளே மாற்றிக்கொண்டிருந்தார் பேச்சியம்மா. “சரி, சரி,” என்று கொப்பியில் எதையோ குறித்துக்கொண்டு கண்டாக்கு போய்விட்டார். வெட்கப்பட வேண்டியவர் அவர். வெட்கப்பட்டது பேச்சியம்மா. நான்கு மாதம் கழித்து லீவில் வந்த புருஷனிடம், பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் இதைச் சொன்னார். “தட்டிட்டு வர்ற மாதிரி ஒரு கதவு வேணுங்க நமக்கு,” என்றார். கட்டிய நாளிலிருந்து அன்றுவரை புருஷனிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

புரட்டாதியில் அதே கண்டாக்கு காம்பராவைப் பொறுப்பெடுக்கும் படிவத்தோடு வந்தார். கூரை, சுவர், கதவு எல்லாம் நல்ல நிலையில் திருப்பிக் கொடுக்கப்படவேண்டும் என்று அதில் இருந்தது. வீரய்யா மிகவும் மரியாதையாக, “உள்ள வாங்க ஐயா,” என்றார். ஐயா உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினார்.

“என்னய்யா இது? கதவத் தொற!”

“மேல பாருங்க ஐயா.”

மேலே தகரம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக வெயில்.

“எண்ணி எழுதிக்கங்க. முன்ன முப்பத்தேழு இருந்திச்சு, இப்ப அம்பத்திரெண்டு. நாளைக்கு நாங்க ஓட்டைய எடுத்துக்கிட்டுப் போயிட்டோம்னு நீங்க சொல்லக் கூடாதில்ல?”

கண்டாக்கு எண்ணவில்லை. கதவைத் தானே திறந்துகொண்டு, முகம் சிவக்க இறங்கிப் போனார். வெளியே காது கொடுத்துக்கொண்டிருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. தோட்டத்துப் பாதையில் கனரக வாகனங்கள் செல்ல அனுமதியில்லை. கையெழுத்து தோட்டத்தை நடத்தும் துரையுடையது. கோபம் யாருடையது என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். சோமபாலவின் காணிக்குப் போக அந்தப் பாதையை விட்டால் வேறு வழியில்லை. கொள்கலன் ஏற்றிய லொறியோ அதற்குள் பெரிய ரோட்டுச் சந்திக்கு வந்து நின்றுவிட்டது. சாரதி இரண்டு நாள் பொறுத்தார். பிறகு பெட்டியை மரத்தில் கட்டி, லொறியை முன்னால் இழுத்து, ரோட்டோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். தினமும் கொழுந்து லொறி நான்கு தடவை போகிற பாதை அது. அதை வெட்டியவர்கள் வீரய்யாவின் தாத்தாவும் அவரைப் போன்றவர்களும். வெட்டினவனின் பேரன் ஒரு பெட்டியைக் கொண்டுபோகக் கூடாதாம்! இதற்குக் கோபம் வராவிட்டால் அவன் உடம்பில் ஓடுவது இரத்தமே இல்லை.

வீரய்யா மாஸ்டரைக் கொண்டு கடிதத்தை மூன்று தடவை வாசிக்கச் செய்தார். மூன்றாவது தடவை கையைத் தூக்கி நிறுத்தினார். “வாகனம்னுதான போட்டிருக்கு? ஆளுங்கன்னு போடலில்ல?”

“ஆக்களெண்டு இல்லை,” என்றார் மாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பத்துமூன்று ஆண்கள் சந்திக்கு வந்தார்கள். அம்மன் கோவில் தேர்வடம் வந்தது. உருளைக்கு யூக்கலிப்டஸ் கட்டைகள் வந்தன. பெட்டியென்று கிண்டல் பண்ணிய நல்லமுத்துதான் வடத்தில் முதல் ஆளாக நின்றார். அரை மைல் தூரத்துக்கு ஆறு மணித்தியாலம் பிடித்தது. தோட்டத்துக் கேற்றில் காவற்காரர் கொப்பியைத் திறந்தார், வாகன இலக்கம் என்ற கட்டத்தில் எதை எழுதுவதென்று யோசித்தார், மூடிவைத்துவிட்டுத் தானும் ஒரு கை கொடுத்தார். வீரய்யா வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். துரையை, கம்பனியை, பாதையின் குழிகளை, இழுக்கிறவர்களின் சோம்பலை, ஒன்றையும் விடவில்லை. பெட்டி பாறைக்காணியில் ஏறி நான்கு கற்களின் மேல் உட்கார்ந்த பிறகுதான் அவர் வாய் ஓய்ந்தது.

இன்னும் குடிபோகவில்லை. வேலை நடக்கிறது. இரும்பு குளிரும், உள்ளே வியர்க்கும் என்பதால் பழைய தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சேர்த்துச் சுவருக்கு உள்ளே அடித்துக்கொண்டிருக்கிறார்கள் இருவரும். அடுத்த கவலை கதவு. கொள்கலனுக்குத் தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான் உண்டு. சரக்கு உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளுமா என்ன? அக்கரப்பத்தனையில் பட்டறைக்காரரிடம் சொல்லி முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புத் தாழ்ப்பாள் செய்து வாங்கிவந்து, போன புதன்கிழமை அதை உள்பக்கம் பொருத்தினார் வீரய்யா. சரியாக விழுகிறதா என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் வெளியே சருகு மிதிபடும் சத்தம் கேட்டது.

“வீரய்யா! அடே வீரய்யா!” கண்டாக்குதான். காம்பராப் படிவத்தில் பேச்சியம்மாவின் கையெழுத்து வாங்க வந்திருக்கிறார். கூப்பிட்ட கையோடு கதவைப் பிடித்து இழுத்தார். கதவு அசையவில்லை. இன்னும் ஒரு தடவை, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். இரும்பு அப்படியே நின்றது.

சுவரோரம் ஆணி அடித்துக்கொண்டிருந்த பேச்சியம்மா பழக்கதோஷத்தில் பதறி எழுந்து ஓடிவந்தார். வீரய்யா தாழ்ப்பாளின் மேல் கையை வைத்தபடி மனைவியைப் பார்த்தார்.

பிறகு வெளியேயிருந்து விரல் முட்டியால் மூன்று தடவை தட்டும் சத்தம் பெட்டி முழுக்க அதிர்ந்தது.

வீரய்யா தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு ஓரமாக விலகி நின்றார்.

“யாருங்க?” என்று கேட்டார் பேச்சியம்மா.

வெளியே தொண்டையைச் செருமிக்கொண்டு கண்டாக்கு தன் பெயரைச் சொன்னார்.

“இருங்க, வர்றேன்,” என்ற பேச்சியம்மா, தலைமுடியை அவிழ்த்து உதறி, நிதானமாக முடிந்துகொள்ளத் தொடங்கினார்.