தண்டு கஞ்சா இல்ல, சார்!

போன வெள்ளிக்கிழமை என் தங்கை விமலா டாக்டர் ஆகிவிட்டாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. தாவரவியல். அவள் ஆராய்ந்தது எதை, தெரியுமா? கஞ்சாச் செடியை!

பதற வேண்டாம். புகைக்கிற சமாசாரம் இல்லை... தண்டில் இருக்கும் நார். கயிறாகவும் துணியாகவும் ஆகக்கூடிய முரட்டு நார். ஆனால், அவள் ஆரம்பித்த நேரம் பார்த்துப் போதைப்பொருள் சட்டம் கடுமையானது. ஒரு செடி வளர்க்கவும் அனுமதி வேண்டும். மாடம்பாக்கத்திலிருந்து பஸ், தாம்பரத்தில் மின்சார ரயில், அப்புறம் அந்த அனுமதி தருகிற பீச் பக்கத்து ஆபீஸ் — நடையாய் நடந்தாள்.

"பொம்பளைப் புள்ளைக்கு வேற செடியே கிடைக்கலையாம்மா?" என்பார்கள் ஆபீஸில்.

ஒருவழியாகக் கல்லூரித் தோட்டத்து மூலையில், முள்கம்பி வேலிக்குள் ஒரு பாத்தி போட அனுமதி வந்தது. சில மாதங்களுக்கு மட்டும்.

செடி முற்றத் தாமதமானது. கெடுவை நீட்டிக்க மனு போட்டாள், பதில் இல்லை. கெடு முடிந்த மறுநாள் காலை, நான் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும்போதே ஜீப் நின்றிருந்தது. ஒரு இன்ஸ்பெக்டர், ரெண்டு கான்ஸ்டபிள், ஒரு மண்ணெண்ணெய் டின்.

"பர்மிஷன் முடிஞ்சுபோச்சும்மா. எரிச்சாகணும்."

அழுவாள் என்றுதான் நினைத்தேன். அழவில்லையே!

"எரிங்க சார், பூவையும் இலையையும். வளர்க்கத்தான் பர்மிஷன் வேணும். வெட்டின தண்டு கஞ்சா இல்ல, சார். சட்டம் தடுக்கறது பூவையும் பிசினையும்தான். உங்க மேலதிகாரியக் கேட்டுப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் பிரின்ஸிபால் ரூமுக்குப் போய் போன் போட்டார். திரும்பி வந்தவர் தொப்பியைக் கழற்றினார்.

"தண்டை எடுத்துக்கோம்மா. ஆனா நாங்க பார்த்துட்டு நிப்போம்."

வெயிலில் நாங்கள் இருவரும் வெட்டி, உருவி, கட்டினோம். பூவும் இலையும் குவியலாக எரிந்தபோது ஒரு கான்ஸ்டபிள் என் கையைப் பிடித்து இழுத்தார். "அந்தாண்ட நிக்காதீங்க சார்... காத்து அப்படித்தான் அடிச்சுகினு கீது. அப்பால பொகை ஏறிப் பேஜாராப் பூடும்!"

அந்தத் தண்டுகளை ஊறவைத்து உரித்த நார்தான் விமலாவின் மொத்த ஆராய்ச்சியும்.

வெள்ளிக்கிழமை வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் மடக்கினார். "ஒரே அறுவடையை வெச்சா இவ்வளவும்?"

"அதுக்குத்தான் சார் பர்மிஷன் கிடைச்சுது. கிடைச்சதுல ஒரு தண்டைக்கூட நான் வீணாக்கல."

அவர் எழுந்து வந்து கைகுலுக்கினார். பின் பெஞ்சிலிருந்து முதல் ஆளாகக் கைதட்டியவன் நான். வைவாவில் கைதட்டக் கூடாதாமே... யாருக்குத் தெரியும்?

சட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கஞ்சாவைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால், சட்டம் எதைத் தடுக்கிறது என்று முழுசாகப் படித்துப் பார்க்க, போலீஸுக்கும் ஆபீஸுக்கும் முன்னால் ஒரு விமலா வேண்டியிருக்கிறது!

அம்மா இப்போது கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு கஞ்சாவுல டாக்டர்!" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் திருத்தவில்லை.