ஈப்போவில் பார்த்த முகமூடிக்காரன்

படம் நன்றாக இருந்தது. என் வயிற்றெரிச்சலுக்கு முதல் காரணமே அதுதான். மோசமாக எடுத்துத் தொலைத்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அந்த முகமூடிக்காரனை எனக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்த சித்திரக்கதைப் புத்தகங்கள். கறுப்பு வெள்ளை, மட்டமான தாள். ரிங்லெட்டில் ஒரு மளிகைக்கடையில் கிடைக்கும். கேமரன் மலை ஈரத்தில் தாள் எங்கே நிலைக்கிறது? ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் பூசணம் பூத்துவிடும். நான் தேயிலை ஃபேக்டரியில் ட்ரையர் பக்கம் வேலை செய்வதால் அவை தப்பித்தன. வார லீவுக்கு மெஷினை நிறுத்திய பிறகும் அந்த அறையில் சூடு தங்கியிருக்கும். மாதம் ஒருமுறை புத்தகங்களைக் கொண்டுபோய் அங்கே விரித்து வைப்பேன். "ஆபீஸ் கிராணி பாத்தாருன்னா உனக்கு இருக்கு மண்டகப்படி" என்று கூட வேலை செய்பவர்கள் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

கல்யாணமான புதிதில் மனைவிக்கு ஒரு பக்கத்தைக் காட்டினேன். ஊரையே காப்பாற்றிவிட்டு வந்தவன் தனியாக உட்கார்ந்து, கிழிந்த கையுறையைத் தைக்கிற பக்கம். இரண்டு நொடி பார்த்தாள். "இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க படிக்கிறது லா" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் நானும் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் கேட்பாள், பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்கிற ஆசை மட்டும் போகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

எங்கள் மலையில் சினிமா தியேட்டர் கிடையாது. கோலா தெர்லாவில் காய்கறி லோரி ஓட்டும் என் மச்சான், மனைவியின் தம்பி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லோரியை விட்டுவிட்டுத் தன் கெரேத்தாவை, காரை, ஓட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, உங்க ஆளு படம் ஈப்போல ஓடுது. கெளம்புங்க, அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போலாம்."

என் புத்தகம் ஒன்றைக்கூடத் தொட்டவன் இல்லை அவன். ஃபோனில் அரை மணி நேரம் வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தான். நோகாமல் நுங்கு தின்கிற ஆள்.

தியேட்டரில் மனைவி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். புத்தகத்தில் நிறம் இல்லாததால், அவனுடைய மேலங்கிக்குத் தேயிலைக் கொழுந்தின் பச்சையை நானே கொடுத்து வைத்திருந்தேன். படத்தில் அடர்சிவப்பு. பற்றிக்கொண்டு வந்தது. பத்து நிமிஷத்தில் சிவப்புதான் சரி என்று பட்டது. அதற்கும் கோபம் வந்தது. பிறகு கையுறை தைக்கிற இடம். பாட்டு இல்லை, வசனம் இல்லை. ஊசியில் நூல் கோக்க மூன்று தடவை தவறுகிறான், விரல் நடுங்குகிறது. புத்தகத்தில் அந்த நடுக்கம் கிடையாது. இதை எடுத்தவனும் என்னைப் போல அந்த ஒரு பக்கத்தையே வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தால், மனைவி சால்வை நுனியால் கண்ணைத் துடைக்கிறாள்.

நான் காட்டியபோது அரிசி களையப் போனவள்!

"யாருடா அவன்? ஏன் இப்படித் தனியா இருக்கான்?" என்று கேட்டாள். என்னிடம் இல்லை, தம்பியிடம்.

திரும்பும் வழியில் சிம்பாங் பூலாயில் சாப்பிட உட்கார்ந்தோம். மச்சான் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னான். பாதி உளறல். "அப்படி இல்லடா மச்சான்" என்று நான் இரண்டு முறை வாயெடுத்தேன். "இருங்க, அவன் சொல்லி முடிக்கட்டும்" என்றாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருந்தது. ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டேன். அதையும் அவள் கவனிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க மழை. புதன்கிழமை வேலை முடிந்து வந்தால், என் புத்தகங்கள் எல்லாம் பாயில் பரப்பிக் கிடக்கின்றன. மனைவி நடுவில் உட்கார்ந்து பூசணம் துடைத்துக்கொண்டிருந்தாள், ஈரத்துணியால். மலையில் செருப்பையும் தோல்பையையும் எல்லோரும் அப்படித்தான் துடைப்போம். அவளுக்கு வேறு எப்படித் தெரியும்? நாலைந்து அட்டைகளில் மை கரைந்து பரவியிருந்தது.

"ஏங்க, அவனோட அம்மா யாருன்னு இதுல இருக்கா? படத்துல சொல்லவே இல்லயே. எதை மொதல்ல படிக்கணும்? நீங்களே சொல்லுங்களேன்."

எனக்கா சொல்லத் தெரியாது? பதினோராவது புத்தகம். துறைமுகத்தில் மீன்வலை பின்னுகிற கிழவிதான் அவன் அம்மா. அவன் தன் மகன் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தினமும் அவளைத் தாண்டித்தான் போவான். எல்லாம் வாய்வரை வந்தது. கூடவே சிம்பாங் பூலாயில் அவள் உட்கார்ந்து கேட்ட கோலமும் கண்முன் வந்து நின்றது.

"யாரைக் கேட்டு இதைத் தொட்ட? எல்லாத்தையும் நாசம் பண்ணிட்ட. உன் தம்பிக்குத்தான் எல்லாம் தெரியுமே, அவனையே கேளு போ!"

மை ஒரு சாக்குதான். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும். அவள் துணியைப் பிழிந்து காயப்போட்டாள். புத்தகங்களை அளவு பார்த்து அடுக்கிப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காலை டீயைக் கொடுக்கும்போது அவளாகவே சொன்னாள். "அவனுக்கு அம்மாவே இல்லையாம். தம்பி சொன்னான். பாவம்ங்க அவன்."

அவள் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. நான் "அப்படியா" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.