கண்ணை மூடிய எறிகாரன்

போன மாதம் கோயம்புத்தூரில் மகளுக்கு ஷட்டில் மட்டை வாங்க ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போயிருந்தேன். மூலையில் கம்பிக் கூடை ஒன்று. அதில் கால்பந்துகளுக்கு நடுவே, இரண்டு முனையும் கூம்பிய பழுப்பு நிறப் பந்து ஒன்று கிடந்தது. கடைக்காரர், "அது ரக்பி சார், யாரும் வாங்குறதில்ல" என்றார். ரக்பி இல்லை என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். பந்தை எடுத்து மோந்து பார்த்தேன். தோலும் ரப்பரும் கலந்த வாசனை. அதன் பின்னாலேயே வேறு வாடைகளும் வந்தன: மாவு கரைத்த கிரேவி, பிளீச்சிங் போட்டுத் துடைத்த தரை, அந்தத் தரையில் ரத்தம். மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

ஈராக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. நான் குவைத்தில், ஃபஹாஹீலில், ஒரே ரூமில் ஏழெட்டுப் பேரோடு இருந்தேன். தினமும் கம்பெனி பஸ் எங்களைப் பாலைவனத்துக்குள் இருந்த ஒரு அமெரிக்கப் படை முகாமுக்கு ஏற்றிப்போகும். மெஸ்ஸில் பரிமாறுகிற வேலை. பட்டுக்கோட்டையில் என் அம்மா 'அமெரிக்கன் கம்பெனி' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு மசியலைத் தட்டில் உருண்டையாக விழ வைத்து, அதன் தலையில் குழி பறித்துக் கிரேவி ஊற்றுவதுதான் அங்கே என் தொழில்நுட்பம்.

தட்டு கழுவுகிற பக்கம் செல்வராசா அண்ணன். யாழ்ப்பாணத்தில் பிறந்து கிளிநொச்சியில் குடியேறியவர். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அங்கே. குண்டு விழுவதற்கும் ஓடுவதற்கும் நடுவில் வளர்ந்த மனிதர், பிழைக்க வந்து சேர்ந்த இடமும் இன்னொரு சண்டையின் கொல்லைப்புறம். இதைச் சொன்னால் சிரிப்பார்.

மெஸ் ஒரு பெரிய கூடாரம். அதன் ஒரு பக்கத்தில் பெரிய டிவி. சீசன் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நடந்த அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களைத் திங்கட்கிழமை மதியம் மறுபடி போடுவார்கள். கபடிக்கும் எறிபந்துக்கும் பிறந்த பிள்ளை மாதிரியான ஆட்டம் அது. முதல் நாள் பார்த்தபோது, பந்து வைத்திருப்பவனைக் கொல்வதுதான் ஆட்டம் என்று நினைத்தேன். பாதி சரி. குவார்ட்டர்பேக் என்று ஒருவன் இருப்பான். பந்து முதலில் அவன் கைக்கு வரும். எதிரணியின் எருமைகள் அவன் மேல் பாய்ந்து வருகிற இரண்டு மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுத்து எறிய வேண்டும். நாங்கள் அவனை எறிகாரன் என்போம். எறிந்தாலும் அடி, எறியாவிட்டாலும் அடி. தலைக்கவசமும் தலைக்கவசமும் மோதும் சத்தம் டிவியிலேயே பல்லைக் கூசவைக்கும். செல்வராசா அண்ணன் முதலில் அந்தச் சத்தம் கேட்டால் கழுவுகிற இடத்தை விட்டு வெளியே வரமாட்டார். பிறகு அவரே பைத்தியமானார். "விசிலடிச்சா நிப்பாட்டுறாங்கள் தம்பி. நான் கண்ட அடிதடியில ஆரும் விசில் ஊதேல்லை" என்றார்.

அந்த சீசனில் ஒரு புது எறிகாரன் வந்திருந்தான். மீசை சரியாக முளைக்காத முகம். சிப்பாய்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அவன் பெரிய ஆளாக வருவான் என்று ஒரு கட்சி, தொடைநடுங்கி என்று ஒரு கட்சி. பள்ளிக்கூடத்தில் கோச்சாக இருந்த ஒரு சார்ஜண்ட் ஆட்டத்தைப் பதிவுசெய்து வைத்து, ரிமோட்டால் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார். காலைப் பார், தோளைப் பார், பார்வை எங்கே போகிறது பார் என்பார். 'ஃபிலிம் பார்ப்பது' என்று அதற்குப் பெயர். ஒரே எறியைப் பதினைந்து தடவை ஓட்டுவார்கள். கிரேவி ஆறி ஏடு கட்டிவிடும்.

எங்களிலும் இரண்டு கட்சி இருந்தது.

"பயந்தாங்கொள்ளிண்ணே. ஆள் வர்றதுக்குள்ள கண்ட பக்கம் விட்டெறியுறான்" என்பேன் நான்.

"உனக்கு மேல மூண்டு மாடு பாஞ்சு வந்தா நீ நிண்டு யோசிப்பியோ? இந்தப் பெடியன் நிக்கிறான். அதைப் பார்" என்பார் அவர்.

என் கட்சியின் தலைவன் ஒரு கார்ப்பரல். தட்டை நீட்டி "கிரேவி, கிரேவி" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அதனால் அவனுக்குக் கிரேவி என்றே பெயர் வைத்திருந்தோம். கதவை அடைக்கிற உடம்பு, கூடாரமே அதிர்கிற சிரிப்பு. எதிர்க்கட்சித் தலைவன் கைல். இருபது வயதுதான் இருக்கும். தன் பள்ளிக்கூட அணிக்கு அவனே எறிகாரனாக இருந்தவன். தட்டைக் கொடுக்கும்போது செல்வராசா அண்ணனிடம் "சாப்பிட்டியா?" என்று தமிழில் கேட்கப் பழகியிருந்தான். அவர்தான் சொல்லிக்கொடுத்தது.

சீசன் பாதியில், வடக்கே போன கான்வாயில் ஒரு வண்டி வெடித்தது. ஓட்டியவன் அந்த இடத்திலேயே செத்துப்போனான். பக்கத்து சீட்டில் ரோட்டோரத்தைக் கண்காணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கைல். அவனுக்குக் காதில் மட்டும் காயம். செத்தவன் கிரேவிக்கு ஒரே ஊர்க்காரன், உயிர் நண்பன். திரும்பி வந்த அன்று கைல் தட்டைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றான். செல்வராசா அண்ணன் ஈரக்கையோடு அவன் தோளைத் தட்டினார். அவ்வளவுதான்.

மனசு மாறட்டும் என்று மேலே இருப்பவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு அணி பிரித்து மணலில் ஆட்டம் வைத்தார்கள். கவசம் கிடையாது, ஆளைச் சாய்க்கக் கூடாது என்று விதி. முதல் ஐந்து நிமிடத்திலேயே விதி பறந்துவிட்டது. மூக்கு உடைந்தது, ஒருவனுக்குத் தோள் இறங்கியது. கைல்தான் ஒரு பக்கத்துக்கு எறிகாரன். எறிந்ததெல்லாம் எதிரி கையில் போய் விழுந்தது. எதிரணியில் இருந்த கிரேவி அவனைத் திரும்பத் திரும்ப மணலில் அடித்துச் சாய்த்தான். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் சார்ஜண்ட் அந்த ஆட்டத்தின் வீடியோவை மெஸ் டிவியில் போட்டார். பையனைத் திருத்தத்தான் போட்டார் என்று இன்றும் நம்புகிறேன். "காலைப் பாருங்கள்" என்று ஓர் இடத்தில் நிறுத்தினார். திரையில் கைல், கையில் பந்து, எதிரே பாயும் கிரேவி. காலை யாரும் பார்க்கவில்லை. கைலின் இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன. கொஞ்சம் ஓட்டி மறுபடி நிறுத்தினார். மறுபடியும் மூடிய கண்கள். சிரிப்பு கிளம்பியது. சார்ஜண்டுக்கு உறைத்துவிட்டது, அணைக்க ரிமோட்டைத் தூக்கினார். அதற்குள் கிரேவி எழுந்து நின்று சொன்னான். அவன் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "அன்னைக்கு ரோட்டிலயும் இப்படித்தான் மூடிக்கிட்டு இருந்தியா?"

சிரிப்பு நின்றது. கைல் கையில் இருந்த தட்டைச் சாப்பாட்டோடு அவன் முகத்தில் அறைந்தான். பெரிய உடம்பு பின்னால் சாய்ந்து, நாற்காலியோடு தரையில் விழுந்தது. கைல் மேலே ஏறி அவன் மார்பில் முழங்காலை ஊன்றித் தட்டின் விளிம்பால் அடித்தான். மூன்றாவது அடியில் தாடை உடைந்த சத்தம் எனக்குப் பரிமாறும் மேடை வரை கேட்டது. தட்டு வளைந்ததும் முஷ்டியால் அடித்தான். கிரேவி கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டான். பிடிக்கப் போனவர்களும் தடுத்தவர்களும் ஒருவரையொருவர் அடிக்கத் தொடங்கியிருந்தார்கள். சார்ஜண்ட் கவிழ்ந்த மேசைகளுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு கத்தினார். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தட்டு வாங்கும் ஜன்னல் பக்கத்திலிருந்து செல்வராசா அண்ணன் ஓடிவந்தார். பின்னாலிருந்து கைலை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். அவன் முழங்கையை ஓங்கிப் பின்னால் இடித்தான். அவர் வாயிலிருந்து ரத்தமும் பல்லும் தெறித்தன. விடவில்லை. இன்னொரு இடி. அதற்கும் விடவில்லை. போதும் என்பதை அவர் ஊர்ப் பேச்சில் "காணும் ராசா, காணும்" என்று ரத்தத்தோடு அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். கைலின் கை ஒரு கட்டத்தில் தொய்ந்தது. அவர் மடியில் சரிந்து, ஊளையிடுவதுபோல் அழுதான்.

ராணுவ போலீஸ் கைலைக் கொண்டுபோனது. எங்களுக்கு வந்த வினை வேறு. கம்பெனி ஆட்கள் சிப்பாய் மேல் கை வைக்கக் கூடாது. எங்கள் மேனேஜர் லெபனான்காரர், கெட்டவர் இல்லை, ஆனால் பயந்தவர். "கலாஸ், முடிஞ்சுபோச்சு. விசா கேன்சல்" என்றார் அண்ணனிடம். கிளிநொச்சிப் பக்கம் அப்போது சண்டை மறுபடி தொடங்கி, பாதையை மூடியிருந்தார்கள். கொழும்பில் இறங்கினால் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர வழியில்லை. வேலையும் போனால், உள்ளே இருக்கும் பிள்ளைகளை என்றைக்காவது வெளியே எடுக்கவும் வழியில்லை.

விசாரணையன்று அவர் வாயில் தையல் போட்டிருந்ததால் பேச என்னைக் கூட்டிப்போனார்கள். என் ஆங்கிலம் உருளைக்கிழங்கு மசியலைத் தாண்டாது என்பது வேறு விஷயம். நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே கைல் வந்தான், கையில் கட்டோடு. மேனேஜர் முன்னால் விறைப்பாக நின்று சொன்னான்:

"என்னைப் பிடிச்சுக்கச் சொல்லி இவர்கிட்ட நான்தான் கேட்டேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "கேட்டானா?"

நான் செல்வராசா அண்ணனைப் பார்த்தேன். அவர் கைலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். சார்ஜண்டும் உள்ளே வந்து, "இவர் பிடிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நீங்கள் கொலை விசாரணைக்கு உட்கார்ந்திருப்பீர்கள்" என்றார். கேன்சல் நின்றது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "நெசமாவே கேட்டானாண்ணே?"

தையல் போட்ட வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார். "கேக்கேல்லை. ஆனா அவன் சொன்னது பொய்யுமில்லை."

கைலுக்குப் பதவியைக் குறைத்து, கக்கூஸ் கழுவப் போட்டார்கள். கிரேவி கம்பி வைத்துக் கட்டிய தாடையோடு வந்து உறிஞ்சுகுழலில் சூப் குடித்தான். சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, அவனாகவே போய்க் கைலின் மேசையில் உட்கார்ந்தான். டிவியில் எறிகாரன் அடிவாங்கிக்கொண்டிருந்தான். கிரேவி தன் தட்டில் இருந்த கேக்கை எடுத்துக் கைல் தட்டில் வைத்தான். அவனால்தான் மெல்ல முடியாதே.

தாடை சேர்ந்ததும் கிரேவியை வடக்கே அனுப்பினார்கள். அவன் போன இரண்டாவது கான்வாயிலேயே செத்துப்போனான். உடம்பென்று அனுப்ப அதிகம் இல்லை என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வாரமும் ஆட்டம் போட்டார்கள். அந்தப் புது எறிகாரன் அன்று சாமி வந்தவன் மாதிரி எறிந்தான். எருமைகள் அவனைத் தொடக்கூட முடியவில்லை. சார்ஜண்ட் ரிமோட்டைக் கையில் எடுக்கவே இல்லை. கைல் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டான். ஜெயித்த கட்சி கத்தவில்லை; தோற்ற கட்சிக்கு ஆளில்லை. நான் செல்வராசா அண்ணனிடம், "நல்லாத்தான் எறியுறான்ணே" என்றேன். "ஓம்" என்றுவிட்டுத் தட்டுக் கழுவப் போனார்.

சீசன் முடியும் முன்னே அந்தப் படைப்பிரிவு ஊர் திரும்பியது. கைல் போகும்போது வந்து சொல்லிக்கொண்டான், "சாப்பிட்டியா?" என்று. அவனுக்குத் தெரிந்த தமிழ் அதுதான். பிறகு அந்த மெஸ்ஸையே மூடினார்கள். கூடாரத்தைப் பிரித்து மடித்ததும் நாங்கள்தான். இப்போது அங்கே வெறும் மணல் என்று, அந்தப் பக்கம் லாரி ஓட்டுகிற ஒரு நண்பன் சொன்னான். நான் துபாயில் அல் கூஸுக்குப் போய்விட்டேன். அண்ணன் குவைத்திலேயே வேறு கம்பெனியில் சேர்ந்தார். வெள்ளிக்கிழமைகளில் போன் பேசுவோம்.

கிளிநொச்சி ராணுவத்தின் கையில் விழுந்த பிறகு, "பிள்ளையளிட்ட இருந்து ஒரு தகவலும் இல்லை தம்பி, நான் போய்த் தேடுறன்" என்றார். ஏர்போர்ட்டிலிருந்து ஒரு தடவை பேசினார். அவர் குவைத் நம்பரைப் பல மாதம் முயன்று பார்த்தேன். ஒருநாள் யாரோ எடுத்தார்கள். ஃபிலிப்பைன்ஸ்காரப் பெண் குரல். "ராங் நம்பர், சார்" என்றாள். மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். அதற்கப்புறம் கூப்பிடவில்லை.