அவளுடைய கிறிஸ்மஸ், என்னுடைய பொங்கல்

நான் வைக்கிற கஞ்சியைக் குடித்து எத்தனை பேர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. டாக்டர்களைக் கேட்டால் மருந்தினால் என்பார்கள். சொல்லட்டும். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக எங்கள் அடுக்களையிலிருந்து ஒரு நாள்கூட கஞ்சி நேரம் தவறிப் போனதில்லை. அதை நான் யார் முன்னாலும் சொல்வேன்.

மலையாள நாட்டில், கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி அது. நாஞ்சில் நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். வீட்டுக்காரர் சாலை என்கிற கடைத்தெருவில் மூட்டை இறக்கினார். அவர் இடுப்பு விட்டுப்போன பிறகு நான் அடுக்களையில் சேர்ந்தேன். இப்போது எனக்கு அறுபத்தேழு. இன்னும் பெரிய செம்புப் பானையை யார் துணையும் இல்லாமல் அடுப்பிலிருந்து இறக்குவேன்.

அடுக்களையில் சமைக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர். மற்றவள் விழிஞ்ஞத்துக்காரி. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். மீன் பிடிக்கக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அவள் புருஷன் முட்டி வலியால் கரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீடு அவள் வேலையில்தான் நிற்கிறது. அவள் வாய் அலை அடிக்கிற மாதிரி, ஓயாது. எனக்கு வாய் குறைவு என்று நான் நினைத்துக்கொள்வேன். அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

விசேஷ நாளில் நோயாளிகள் குறைவு. ஒரு ஆள் நின்றால் போதும். அவள் சேர்ந்த முதல் வருஷம் தை முதல் நாளில் எனக்கு டியூட்டி விழுந்தது. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. முந்தின நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம், எங்கள் பேச்சில் உள்ளி, உரித்துக்கொண்டிருந்தேன்.

"அக்காவுக்கு நாளைக்குப் பெருநாள் அல்லே?" என்றாள்.

"ஆமா. அதுக்கென்ன?"

"உள்ளியை எதுக்கு இப்படி முறைக்கிற? போ. நான் நிக்கிறேன்."

அப்படித்தான் தொடங்கியது. அந்த வருஷக் கிறிஸ்மஸுக்கு அவள் கேட்காமலே நான் நின்றேன். அதற்குப் பிறகு பொங்கலும் தீபாவளியும் எனக்கு, கிறிஸ்மஸும் ஈஸ்டரும் அவளுக்கு. எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. இதில் எங்களுக்குள் ஒரு முறை உண்டு. வீட்டுக்குப் போகிறவள், நிற்கிறவளுக்காக முந்தின நாளே எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். தேங்காய் துருவி, உள்ளி உரித்து, பயறு நனையப் போட்டு, அரிசியில் கல் பார்த்து வைக்க வேண்டும். மறுநாள் காலையில் ஃபிரிட்ஜைத் திறந்து, உரித்த உள்ளி ஒரு டப்பா நிறைய இருப்பதைப் பார்க்கும்போது ஒரு நிறைவு வரும். நன்றி என்கிற வார்த்தையை நாங்கள் ஒரு தடவைகூடச் சொல்லிக்கொண்டதில்லை. டப்பா சொல்லிவிடும்.

போன வருஷம் ஆஸ்பத்திரிக்கு ஒரு புது மேனேஜர் வந்தார். என் இளைய மகன் வயதுதான் இருக்கும். மோசமானவர் இல்லை. ஆனால் எல்லாமே அவருக்குக் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும். வாசலில் விரல் வைக்கிற மிஷின் மாட்டினார். யார் எந்த நாள் டியூட்டி என்று சார்ட் போட்டார். போட்டால் மாறாது. ஒருநாள் ஒரு செக்யூரிட்டிக்காரர் விரலை வைத்துவிட்டு வெளியே போய்ச் சொந்த வேலை பார்த்துவிட்டு வந்தார். மறுநாளே அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து எல்லோருக்கும் அந்த மிஷினைப் பார்த்தால் கொஞ்சம் பயம்தான்.

டிசம்பர் பிறந்ததும் விழிஞ்ஞத்துக்காரி சார்ட்டைப் பார்த்துவிட்டு வந்து கரண்டியைப் போட்டாள்.

"அக்கா, கிறிஸ்மஸுக்கு எனக்கு டியூட்டி. உனக்கு ஓஃப்."

"அதுக்கென்னட்டி, நான் நிக்கேன்."

"பழைய மாதிரி இல்லக்கா. மிஷினு."

அவள் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டதில்லை. சித்திரையில்தான் அவள் மகளுக்குக் கல்யாணம் ஆனது. அவர்களுக்குள், கல்யாணம் கழிந்த முதல் கிறிஸ்மஸுக்கு மருமகன் தன் வீட்டாரோடு பெண்வீட்டுக்கு வருவார். பெண்ணின் அம்மா தன் கையால் இலையில் சோறு விளம்ப வேண்டும். அன்றைக்கு அம்மா வீட்டில் இல்லை என்றால் பெண்ணுக்கு ஆயுசு முழுக்கக் குத்திக்காட்டல்தான்.

நான் மேனேஜர் அறைக்குப் போனேன்.

"சாரே, கிறிஸ்மஸுக்கு நாங்க ரெண்டு பேரும் மாத்திக்கிடுதோம். எப்பவும் அப்படித்தான்."

"அம்மே, சார்ட் போட்டாச்சு. இனி மாற்ற முடியாது. ஒருத்தருக்கு மாற்றினா எல்லாரும் வருவாங்க."

"அவளுக்கு லீவாவது குடுங்க. நான் சும்மா வந்து நிக்கேன்."

"கிறிஸ்மஸ் வாரம் யாருக்கும் லீவு இல்ல. நீங்க ஓஃப்ல சும்மா வந்து நின்னா அதுக்கும் நான் பதில் சொல்லணும்."

திரும்பி வந்தேன். இரண்டு நாள் வேறு வழி யோசித்தேன். மூன்றாம் நாள் தேங்காய் உடைத்துக்கொண்டே நான்தான் சொன்னேன். "காலையில வந்து விரலை வச்சிட்டு, துணி துவைக்கிற பக்கத்து கேட்டு வழியா நீ கெளம்பு. ரெண்டு மணிக்கு வந்து திரும்ப விரலை வை. நடுவுல உள்ளதை நான் பாத்துக்கிடுதேன்."

"புடிச்சாங்கன்னா எனக்கு வேலை போகும் அக்கா."

"கஞ்சி நேரத்துக்குப் போயிட்டா அடுக்களைப் பக்கம் யாருட்டி வாரா?"

அதுதான் எங்கள் தப்பு. கஞ்சி ஒழுங்காகப் போனால் எல்லாம் ஒழுங்கு என்று நாங்கள் நம்பினோம்.

கிறிஸ்மஸ் அன்று ஆறு மணிக்கு அவள் விரலை வைத்தாள். என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். நான் ஃபிரிட்ஜைத் திறந்தேன். உரித்த உள்ளி இரண்டு டப்பா. தேங்காய் துருவலின் மேல் ஈரத்துணி. இஞ்சியைத் தோல் சீவி நறுக்கியிருந்தாள், அதை நாங்கள் எப்போதும் செய்கிறதில்லை. அன்றைக்கு ஏழு மணிக்கு முன்பே கஞ்சியும் பயறும் வார்டுக்குப் போய்விட்டன. டாக்டரம்மாவுக்கு இட்லியும் சட்னியும் மேலே போயின. டாக்டரம்மா என்றால் இந்த ஆஸ்பத்திரியைக் கட்டினவர். எண்பது வயதுக்கு மேல். தினமும் எங்கள் கையால்தான் காலைச் சாப்பாடு.

பதினோரு மணிக்கு ஹாலில் கேக் வெட்டினார்கள். நட்சத்திர விளக்குத் தொங்கியது. நர்சுமார் சிவப்புத் தொப்பி போட்டிருந்தார்கள். நான் வாசல் ஓரத்தில் நின்று ஒரு துண்டு வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்று இருந்தேன். மேனேஜர் மைக்கைப் பிடித்தார். இந்த வருஷம் வேலை செய்த எல்லோருக்கும் நன்றி சொன்னார். பிறகு, மிஷின் வந்த நாள் முதல் ஒரு நாள்கூட ஒரு நிமிஷம் தாமதிக்காத ஒருவருக்கு ஆஸ்பத்திரி சார்பில் ஒரு பரிசு என்றார். பொன்னாடையும் ஒரு குக்கரும் மேசையில் இருந்தன.

விழிஞ்ஞத்துக்காரியின் பேரைச் சொன்னார்.

எல்லோரும் கை தட்டினார்கள். கேக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நான் வாசல் பக்கம் ஒரு அடி பின்வாங்கினேன்.

"ஆளு டியூட்டியிலதான் இருக்காங்க. ஆறு மணிக்குப் பஞ்ச் ஆயிருக்கு. அடுக்களையிலிருந்து கூட்டிட்டு வாங்க" என்றார் மேனேஜர்.

பக்கத்தில் நின்ற நர்சுக்கு விஷயம் தெரியும். என் காதில், "அக்கா, பாத்ரூம்ல இருக்கான்னு சொல்லி நீங்களே வாங்கிக்கோங்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். நானும் ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் அப்படி வாங்கினால் அந்தக் குக்கர் திருட்டுக் குக்கர். இத்தனை வருஷம் நாங்கள் ஒருத்திக்கொருத்தி நின்றதும் திருட்டு என்று ஆகிவிடும். நாங்கள் திருடிகள் இல்லை. கேக்கை முந்தானையில் முடிந்துகொண்டு நேராக மேசைக்குப் போனேன்.

"அவ இங்க இல்ல சாரே" என்றேன். மைக் பக்கத்தில் இருந்ததால் அது ஹால் முழுக்கக் கேட்டுவிட்டது. "விரல்தான் அவ வச்சா. வேலை நான் பாத்தேன். கஞ்சி நேரத்துக்குப் போயிருக்கு. வேணும்னா வார்டுல கேட்டுக்கிடுங்க. போகச் சொன்னது நான். அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க."

மேனேஜரின் முகம் சிவந்துபோனது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா மட்டும் தலையை ஆட்டினார்.

"காலையில சட்னி தின்னதும் எனக்கு ஒரு சம்சயம் இருந்தது" என்றார். "இந்தக் காரம் விழிஞ்ஞத்துல கிடையாதே."

ஹாலில் சிரிப்பு வெடித்தது. நான் சிரிக்கவில்லை. அவள் வேலை இன்னும் தராசில் நின்றது.

டாக்டரம்மா என்னையும் மேனேஜரையும் உள்ளறைக்குக் கூட்டிப் போனார். அங்கே நான் ஆதியிலிருந்து எல்லாம் சொன்னேன். பொங்கல், கிறிஸ்மஸ், உள்ளி, மருமகன், எல்லாம். மேனேஜர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கோபமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மே, இன்னைக்கு அடுக்களையில தீ பிடிச்சிருந்தா? அவங்க உள்ள இருக்காங்கன்னு மிஷின் சொல்லும். தீயணைக்க வர்றவங்க இல்லாத ஒருத்தரைத் தேடி உள்ள போவாங்க. நீங்க இருக்கிறது யாருக்கும் தெரியாது. உங்களை யார் தேடுவாங்க?"

அது எனக்குத் தோன்றாத விஷயம். தோன்றாததைத் தோன்றியது என்று சொல்ல நான் ஆளில்லை. "அது சரிதான் சாரே. விரல் வச்சது தப்பு" என்றேன். "ஆனா மாத்திக்கிட்டது தப்பில்ல. நாங்க உங்க வாசல் வழியாத்தான் முதல்ல வந்தோம். நீங்கதான் சாத்தினீங்க."

டாக்டரம்மா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து விழிஞ்ஞத்துக்கு அடித்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேசையில் வைத்தார். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும் ஆட்கள் சிரிக்கிற சத்தமும். மேனேஜர் பேரைச் சொன்னதும் எல்லாம் நின்றுபோனது.

"சாரே, நான் இப்பவே வர்றேன். பஸ் இல்லன்னா ஆட்டோ பிடிச்சு வர்றேன். அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க, எல்லாம் என் புத்தி..." அழுதுவிட்டாள்.

நான் போனைக் கையில் எடுத்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

"ஏட்டி, கஞ்சி எறக்கி எத்தனை நேரமாச்சு! நீ இங்க வந்து என்னத்தக் கிண்டப் போற? மருமவனுக்கு எலை போட்டாச்சா?"

"இல்லக்கா. மீன் இப்பத்தான் கொதிக்குது."

"அப்ப அதைப் பாரு. அடி பிடிச்சா உன் சம்பந்தி என்னையில்லா சொல்லுவா."

"சார் என்ன சொல்றார்?"

நான் மேனேஜரைப் பார்த்தேன்.

"இன்னைக்கு அவங்களுக்கு லீவுன்னு போடறேன்னு சொல்லுங்க" என்றார். "மறுபடி விரலை வச்சிட்டுப் போனா ரெண்டு பேருமே வர வேண்டாம். அதையும் சொல்லுங்க."

நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன். இரண்டாவது பாதி அவள் சாப்பிட்ட பிறகு தெரிந்தால் போதும்.

பரிசு அவளுக்குக் கிடைக்கவில்லை. துணி துவைக்கிறவருக்குப் போனது. அது நியாயம்தான்.

மறுநாள் அவள் ஒரு தூக்குச்சட்டி நிறைய மீன்குழம்போடு வந்தாள். வந்ததும் வராததுமாகச் சண்டை.

"உனக்கு அந்த வாயைக் கொஞ்ச நேரம் மூடி வைக்க முடியாதா அக்கா? பாத்ரூம்ல இருக்கான்னு சொன்னா என்னவாம்?"

"ரெண்டு மணி வரைக்குமா பாத்ரூம்ல இருப்பே? டாக்டரம்மா உன்னை அட்மிட் பண்ணியிருப்பாவ."

"குக்கர் போச்சே."

"நீ வேக வைக்குத பயறு சட்டியிலயே கொழையும். உனக்கு எதுக்குட்டி குக்கரு?"

சிரித்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு, "போன்ல யாரு அப்படி அதட்டினான்னு மருமோனோட அம்மா கேட்டா. எனக்குப் பதிலா நிக்கிற ஆளுன்னு சொன்னேன். அதுக்கு மேல அவ ஒண்ணும் கேக்கல" என்றாள். நான் தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்தேன்.

தை பிறக்கிறதற்கு முந்தின நாள் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் ஒரு புது நோட்டு. மாற்றிக்கொள்கிறவர்கள் முந்தின நாளே இரண்டு பேரும் வந்து அதில் கையெழுத்துப் போட்டால் அவர் கம்ப்யூட்டரில் மாற்றிவிடுவாராம். இனி நர்சுமாருக்கும் அப்படித்தானாம்.

"நாளைக்கு அக்காவுக்குப் பதில் நான்" என்று சொல்லி விழிஞ்ஞத்துக்காரி சடசடவென்று மலையாளத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஓடினாள்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து மெல்லத்தான் வரும். ஒவ்வொரு எழுத்தாக, கோடு தாண்டாமல், என் பேரைத் தமிழில் எழுதினேன். வெளியே இரண்டு பேர் அவரைப் பார்க்கக் காத்திருந்தார்கள். மேனேஜர் அவர்களை உள்ளே விடவில்லை.

எழுதி முடித்ததும் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "இது எனக்கு வாசிக்கத் தெரியாதே அம்மே."

"அது என் பேருதான் சாரே. வேணும்னா கீழ நீங்க மலையாளத்துல எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டார்.