வெடிப்பு நடந்த இடம்

அன்று அக்கா குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். நான் அவருடைய சாப்பாட்டு மேசையில், வெளிநாட்டிலிருந்த என் பேராசிரியரோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தேன். அந்த அழைப்போடு என் ஆய்வு சரிந்தது.

கொழும்பில், அக்காவின் வெள்ளவத்தை ஃபிளாட்டில் அந்த மேசையைப் பறித்துக்கொண்டு, வருடக்கணக்காக ஒரே கேள்வியோடு இருந்தேன். தூரத்து நட்சத்திர மண்டலங்களிலிருந்து சில நேரம் ரேடியோ வெடிப்பொன்று வரும். கண் இமைக்கும் முன்னரே முடிந்துவிடும். காந்தம் மிகுந்த நியூத்திரன் நட்சத்திரங்கள்தான் காரணம் என்று பலர் நினைக்கிறோம். அப்படிப்பட்ட நட்சத்திரம் சூரியனைவிடக் கனமானது, ஆனால் கல்கிசையிலிருந்து வத்தளை வரையான இருபது கிலோமீற்றருக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். அதன் முறுகிய காந்தப்புலம் திடீரென அறுந்து சக்தியைக் கக்குகிறது. ரேடியோ அலை பிறப்பது நட்சத்திரத்தை ஒட்டியா? இல்லை, வீசப்பட்ட பொருள் வெகுதூரம் போய் மோதும் இடத்திலா? தூரத்தில்தான் என்று என் கணிப்புகள் எல்லாம் சொல்லின.

வேறொரு குழுவினர் ஒரு வெடிப்பின் மினுக்கத்தை அளந்து, அப்படி மினுங்க அது மிகச் சிறிய இடத்தில், நட்சத்திரத்தின் அருகிலேயே பிறந்திருக்கவேண்டும் என்று காட்டிவிட்டார்கள் என்றார் பேராசிரியர். என் உதவித்தொகையை நீடிப்பது கடினம் என்றும் தயங்கிச் சொன்னார்.

"அக்கா, எல்லாம் முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது? ஆருக்கு என்ன?"

"நான் நினைச்ச இடத்தில அது வெடிக்கேல்லயாம்."

"எங்கயோ கிடக்கிற நட்சத்திரம் எங்க வெடிச்சா என்ன? அதுக்கு ஏன் அழுறாய்?"

படியிறங்கினேன். கடற்கரைத் தண்டவாளத்தின் ஓரம் வந்து நின்றேன். பம்பலப்பிட்டிப் பக்கமிருந்து ரயில் வந்தது. விலகவேண்டும் என்று தெரிந்தும் கால்கள் அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ என் மணிக்கட்டை இழுத்தார்கள். மாவு ஒட்டிய கை, வீட்டுச் சட்டை. அக்கா ரயில் போய்முடியும்வரை என்னை விடவில்லை.

"எனக்கு விளங்கேல்ல. ஆனா நீ இப்பிடி வந்து நிக்கக்கூடாது," என்றார்.

நீடிப்புக் கிடைக்கவில்லை. இப்போது கொட்டாஞ்சேனையில் டியூஷன் வகுப்பில் பௌதிகம் படிப்பிக்கிறேன். ஒரு வெடிப்பு எல்லா வெடிப்புகளுக்கும் சாட்சியல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, விடுமுறை நாட்களில் பழைய கணிப்புகளைக் கணினியில் திருப்பி ஓட்டுகிறேன். அவை பெரும்பாலும் எனக்கு எதிராகவே முடிகின்றன. எங்கே வெடிக்கிறதென்று அக்கா கேட்டால், இன்னும் தெரியாது என்கிறேன். அவர் என்னைத் தனியாகக் கடற்கரைப் பக்கம் போக விடுவதில்லை.