இன்னொருத்தி கை

மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெள்ளைப் பீங்கான் குமிழ்களை நிமிர்ந்து பார்த்தால் எனக்கு வாயில் மண் ருசி வரும். அவற்றில் சில நான் துடைத்தவையாக இருக்கலாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் குமிழ்களின் பிசிறைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, சூளைக்குள் போகும் வண்டியில் அடுக்குவது பெண்கள் வேலை. என்னைத் தவிர எல்லாரும் ஒரே தெரு. நாத்தனார், ஓரகத்தி, சித்தி மகள் என்று ஒருத்திக்கொருத்தி உறவு. நான் கல்யாணமாகி, இதே ஜில்லாவில் இருக்கும் மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். ஒரே பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். அவர்களுக்கு அது கடல் தாண்டிய சீமை.

சுவரில் ஒரு பலகை. பலகையில் அவரவர் கோப்பை. மிஞ்சிய மண்ணில் தாங்களே பிடித்து, குமிழ்களுக்கு நடுவே இண்டில் சொருகிச் சுட்டெடுத்தவை. டீ வந்தால் கோப்பை உள்ளவர்கள் உள்ளே வட்டமாக உட்காருவார்கள். இல்லாதவள் வெளியே, உடைசல் குவியலுக்குப் பக்கத்தில், டிபன் மூடியில் ஊற்றிக் குடிப்பாள். இல்லாதவள் நான் ஒருத்திதான்.

"எனக்கும் ஒரு கப்பு செஞ்சிக்கட்டுமாக்கா?" என்று அவர்களில் மூத்தவளிடம் கேட்டேன். எல்லாருக்கும் அவள் பெரியக்கா.

"செய்யேன். மண்ணு கெடக்குது, கையி இருக்குது. யாரு வாணாம்னாங்க?"

செய்தேன். காய்ந்ததும் வண்டியில் வைக்கப் போனேன். மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவங்கவங்க கப்ப அவங்கவங்களே ஏத்தக் கூடாதும்மா. இன்னொருத்தி கை பட்டு ஏறணும். அதான் இங்க வழக்கம்."

"அப்ப நீங்க ஏத்துங்கக்கா."

"எனக்குக் கையில சுளுக்கு."

அடுத்தவளைப் பார்த்தேன். "நான் வீட்டுக்குத் தூரம், சூளகிட்ட போவக்கூடாது." இன்னொருத்தி எட்டிக்கூடப் பார்க்காமல், "இந்த வண்டியில எடமில்ல" என்றாள். அடுத்த வண்டியிலும் இடமில்லை. அதற்கடுத்ததிலும். குமிழ் குமிழாக உலகம் முழுக்க ஏறியது. சுளுக்கு மட்டும் இறங்கவில்லை.

என் கோப்பை ஜன்னலில் கிடந்து வெளிறியது. ஒருநாள் அதில் வெற்றிலைக் காம்பு கிடந்தது. யாரோ கிள்ளிப் போட்டிருந்தார்கள்.

காம்பைத் தட்டிவிட்டு, அந்தச் சுடாத கோப்பையோடு வட்டத்துக்கு நடுவே போய் உட்கார்ந்தேன். நீட்டினேன். தூக்குவாளி பெரியக்கா கையில் இருந்தது. அவளுக்குத் தெரியும், மண் தாங்காதென்று. எனக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே ஊற்றினாள்.

கொதிக்கும் டீ. விளிம்பு குழைந்தது. அடி கசிந்து, விரலிடுக்கில் வழிந்து, மடியில் சொட்டியது. நான் குடித்தேன். மண்ணும் சர்க்கரையும் பல்லில் நறநறக்க, அவள் முகத்தை விட்டுக் கண் எடுக்காமல்.

"இன்னாடி இது, மண்ணத் துன்னுறா? மசக்கையா இருக்குமோ?" என்றாள் ஒருத்தி.

"அதுக்குத்தான மூணு வருசமா வெளக்கு போட்டுட்டிருக்கா, பாவம்" என்றாள் இன்னொருத்தி. வட்டம் குலுங்கிச் சிரித்தது. எனக்குப் பிள்ளையில்லை என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என்னை உள்ளே விடாதவர்கள் என் வீட்டுக்குள் எப்படியோ நுழைந்திருந்தார்கள்.

மறுநாள் புதிதாக ஒன்று பிடித்தேன். காய்ந்ததும், எல்லாரும் பார்க்க, என் கையாலேயே வண்டியில் வைத்தேன். யாரும் தடுக்கவில்லை, தொடவுமில்லை. வண்டி ஊர்ந்து சூளைக்குள் போனது.

வெளியே வந்தபோது கொஞ்சம் கோணல். ஆனால் தட்டினால் மணிபோல் கணீரென்றது. பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

காலையில் என் கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. தனியாக. எதிர்ச்சுவரில் ஒரு புதுப் பலகை. ஆணி அடித்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து தரையில் கிடந்தது. மற்ற கோப்பைகள் எல்லாம் அங்கே, நெருக்கியடித்துக்கொண்டு.

"அது பழைய பலகம்மா, கரையான் வச்சிடுச்சி" என்றாள் பெரியக்கா, டீயை ஊற்றிக்கொண்டே. "நீயே வச்சிக்க."

வைத்துக்கொண்டேன். அந்தப் பட்டறையில் இருந்த காலமெல்லாம் அதன் கீழேதான் உட்கார்ந்து குடித்தேன், உள்ளே, அவர்களுக்கு நேர் எதிரே. அந்தப் பலகையில் கரையானை நான் ஒருநாளும் பார்க்கவில்லை.