கரிக்காட்டுத் தத்துக்கிளிகள்

கோடையின் முதல் மழை கரிந்த காட்டில் விழும்போது எழுகிற வாடை, ஈரச் சாம்பலும் வெந்த வேரும் கலந்த அந்தக் காட்டம், இப்போதும் எங்காவது குப்பை எரித்த இடத்தில் தூறல் விழுந்தால் என்னை நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. அப்பா கல்வராயன் மலையில் பள்ளி ஆசிரியர். விதைப்புக்கு முன் மலைக்காரர்கள் எரித்துப் போடுகிற சரிவைப் "புனக்காடு" என்பார்கள். எனக்கும் அக்கா ஸ்டெல்லாவுக்கும் லீவு முழுக்க அங்கேதான் பொழுது போகும்.

அக்கா கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கோடையில் அவளுக்குத் "தத்துக்கிளி"ப் பைத்தியம் பிடித்திருந்தது. மலையில் வெட்டுக்கிளியை அப்படித்தான் சொல்வார்கள். ஓடைப் பக்கத்துப் புல்லில் பச்சை, மேட்டில் காய்ந்த புல்லில் பழுப்பு, எரிந்த சரிவில் கரித்துண்டு போலக் கறுப்பு. சரிவில் தப்பித் தவறி ஒரு பச்சை வந்து உட்கார்ந்தால் ரெட்டைவால் குருவி கொத்திக்கொண்டு போய்விடும். இதையெல்லாம் அவள் நோட்டில் எழுதியதைவிட அம்மாவிடம் வம்புக்கு இழுத்ததுதான் அதிகம்.

"கறுப்பு மண்ணுக்குன்னே கர்த்தர் கறுப்புப் பூச்சியப் படைச்சாரு" என்பாள் அம்மா.

"இல்லம்மா, எல்லா நெறத்துலயும்தான் பொறக்குது. குருவி கண்ணுல பட்டது செத்துப் போவுது, படாதது குஞ்சு பொரிக்குது, குஞ்சும் அதே நெறம். ஓடையில இருக்கிறதும் மேட்டுல இருக்கிறதும் ரொம்பக் காலம் சேராமலே கெடந்தா, அப்புறம் சேர்த்து வுட்டாலும் சேராது. ஒன்னு ரெண்டாயிடும். இந்த மலையில இத்தினி தினுசு இருக்குதே, இப்டித்தான் வந்துச்சு. யாரும் பொறுக்கி எடுக்கல."

"படிக்க அனுப்புனா பேச்சப் பாரு" என்று திட்டிக்கொண்டே முதல் தோசையை அவள் தட்டில்தான் போடுவாள் அம்மா.

இட ஒதுக்கீடு கேட்டுக் கீழே போராட்டம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. ஒருநாள் மறியல் என்று அறிவித்திருந்தார்கள். பஸ் இல்லை, சந்தை இல்லை என்று நாங்கள் காலையிலேயே சரிவுக்குப் போய்விட்டோம். எரிந்த அடிக்கட்டை ஒன்றின் கீழே கன்னங்கரேலென்று ஏதோ தத்தியது. அக்காவுக்குத் தெரியவில்லை. நான்தான் விரலை நீட்டி, "தோ, அங்கக்கா" என்றேன். அவள் கையை விட்டாள். சாம்பலோடு சாம்பலாகக் கிடந்த சுருட்டை விரியனை, அது கடிக்கும்வரை, நிறத்தைப் பற்றி அத்தனை பேசியவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அப்பா ஒரு ஜீப்பைப் பிடித்து அவளை இறக்கிக்கொண்டு போனார். அடிவாரம் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே புளியமரம். மறியலுக்காக அதை வெட்டிப் போட்டவர்களே ஓடிவந்து அவளைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். "தாங்கிக்கோ பாப்பா, தோ வந்துட்டுது டவுனு" என்று ஒருவர் அழுதுகொண்டே வந்தார். ஒரு மரத்தைத் தாண்டினால் இன்னொன்று, அதைத் தாண்டினால் இன்னொன்று. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அக்கா போய்விட்டாள்.

அந்தச் சரிவில் இப்போது மரவள்ளி நிற்கிறது. எரிப்பது நின்றுவிட்டது, கறுப்புத் தத்துக்கிளியை நான் பார்த்து வெகுகாலமாகிறது. சாலையோரப் புளியமரங்களும் இல்லை. அக்கா சொன்ன அதே பாடத்தை நான் பள்ளியில் நடத்துகிறேன். கரும்பலகையில் எதையும் விரலால் சுட்டுவதில்லை, குச்சிதான்.

எண்பதைத் தாண்டிய அம்மா, "கர்த்தர் அவளத் தேடித் தேர்ந்தெடுத்து எடுத்துக்கினாரு" என்கிறாள். அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் உயிர் ஓடுகிறது. அப்படி யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், அன்று அந்த இடத்தைக் காட்டியது நான் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவள் ஜெபத்தை முடிக்கும்போதெல்லாம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் என்கிறேன்.